கிருமி மறக்கட்டும் என்று காத்திருந்தவள்

போன மாதம் டாக்டர் வருண் போன் செய்தார். தில்லியில் நான் வேலை பார்த்த மார்பு நோய் மருத்துவமனைக்கு அவர் புதிதாக வந்தபோது, நோயாளி இருமினால் ஒரு அடி பின்வாங்கும் பையனாக இருந்தார். இப்போது பெரிய பதவி, மேடைப் பேச்சு எல்லாம் உண்டு. பள்ளிப் புத்தகத்தில் பரிணாமப் பாடத்தைக் குறைத்துவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பியதிலிருந்து மனுஷனுக்குத் தாங்கவில்லை. ஓய்வு பெற்ற ஊழியர்களிடம் ஆளுக்கு அரைப் பக்கம் எழுதி வாங்கி ஒரு சிறப்பு மலர் போடப் போகிறாராம்.

"மணி ஜி, தலைப்பை நானே சொல்லிடறேன். பரிணாமத்தை மறுக்கிறவங்களுக்குப் பரிணாமம்னா என்னன்னே தெரியாது. அவ்வளவுதான். நீங்க ஆயுசு பூரா லேப்ல இருந்தவர். உங்க அனுபவத்துல இருந்து நாலு வரி போதும்," என்றார் இந்தியில். இந்தக் கட்டுரையில் டாக்டர்கள் பேசுவதெல்லாம் இந்திதான்; நான் தமிழில் தருகிறேன்.

அச்சா, சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. துவாரகாவில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். காவலாளி, "அங்கிள் ஜி, எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்கிறான். என் மனைவி அவனுக்கும் மேலே. "எழுதறதுன்னா உக்காந்து எழுதுங்க. நடந்துட்டே யாராச்சும் எழுதுவாங்களா?" என்கிறாள். உட்கார்ந்தால் அந்த நாலு வரி வர மாட்டேன் என்கிறது. ஏனென்றால் என் அனுபவம் வருண் சார் கொடுத்த தலைப்பின் பக்கம் நிற்கவில்லை. வந்தது இதுதான். அவருக்குத் தமிழ் தெரியாது என்பது எனக்கு ஒரு தைரியம்.

என் பூர்வீகம் ஈரோட்டுப் பக்கம். வளர்ந்தது லோதி ரோடு அரசுக் குடியிருப்பில். அப்பா மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தா, அத்துடன் கடவுள் மறுப்பாளர். சாப்பிடும்போது, "மனுசன் கொரங்குல இருந்து வந்தவன்டா, எந்தச் சாமியும் களிமண்ணுல புடிச்சு வெக்கல," என்பார். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். வேதத்தை நம்பாத வீட்டில் அப்படி ஒரு வேதவாக்கு இருந்ததை அப்போது யாரும் கவனிக்கவில்லை. பள்ளியில் அந்தப் பாடத்துக்கு முழு மதிப்பெண். பிறகு லேப் டெக்னீஷியன் படிப்பு. அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கண்ணாடிக் குழாய் கழுவினோம், திட்டு வாங்கினோம், மறுபடியும் கழுவினோம். வேலை கிடைத்தது.

நான் போய்ச் சேர்ந்த இடம், சளியில் இருக்கும் காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிரிவு. அதன் தலைமை டாக்டர் சுக்லா மேடம். அலகாபாத் பக்கத்துக்காரர். வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்காத சைவம். செவ்வாய்க்கிழமை விரதம். ஆனால் எங்கள் பிரிவில் முதல் வேலையே முட்டை உடைப்பதுதான்.

வெளியாட்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். காசநோய்க் கிருமி சாமானியத்தில் எதிலும் வளராது. கோழி முட்டையில்தான் அதற்குப் பிரியம். புது முட்டைகளைச் சோப்புத் தண்ணீரில் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். ஓடும் தண்ணீரில் அலச வேண்டும். பிறகு ஸ்பிரிட்டில் முக்கி எடுத்து உலரவிட வேண்டும். ஒவ்வொன்றையும் முதலில் ஒரு சின்னக் கோப்பையில் உடைத்து, கெட்டதா என்று பார்த்து, பிறகுதான் பெரிய குடுவையில் விட வேண்டும். ஒன்று கெட்டிருந்தால் கோப்பையோடு போகும், குடுவை தப்பிக்கும். கலக்கி, துணியில் வடிகட்டி, உப்புகளும் பச்சைச் சாயமும் சேர்த்துச் சிறு புட்டிகளில் ஊற்றி, சாய்த்து வைத்துச் சூடு காட்டினால் பச்சை நிறத்தில் சரிவாக இறுகும். அந்தச் சரிவில்தான் நோயாளியின் சளியை விதைப்போம்.

மேடம் இத்தனையையும் தன் கையால் செய்து காட்டித்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். முகத்தில் ஒரு சுளிப்பு கிடையாது. வேலை முடிந்ததும் கை கழுவி, குங்குமத்தைச் சரிசெய்துகொண்டு, தன் டப்பாவில் இருக்கும் பூரியைச் சாப்பிடுவார். "வீட்டுல முட்டை நுழையக்கூடாது. இங்க முட்டை இல்லாம நான் நுழையக்கூடாது," என்பார். சிரிக்க மாட்டார். எங்களுக்குச் சிரிக்கலாமா என்று தெரியாது.

விதைத்தால் உடனே முளைக்காது. அவசரமே தெரியாத கிருமி அது. வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பிறகு ஒரு நாள் பச்சைச் சரிவில் ரொட்டித்தூள் சிந்திய மாதிரி தெரியும். ஒரே சளியை மருந்து கலக்காத புட்டியிலும் மருந்து கலந்த புட்டிகளிலும் விதைப்போம். கலக்காததில் அடர்ந்து கிடக்கும். மருந்து கலந்ததில் ஒன்றும் இருக்கக் கூடாது. சிலருடையதில் ஒன்றிரண்டு மட்டும் முளைத்திருக்கும். மேடம் அந்தப் புட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எங்களை ஒவ்வொருவராகப் பார்க்கச் சொல்வார்.

"இது மருந்தைப் பார்த்து மாறினது இல்ல. மருந்து வர்றதுக்கு முன்னாடியே இப்படித்தான் இருந்தது. கூட்டத்துல தெரியல. மத்ததெல்லாம் செத்ததும் தெரியுது. மருந்து புதுசா எதையும் செய்யாது, யாரை விட்டு வைக்குதுங்கறதுதான் விஷயம்," என்பார்.

நான் தலையாட்டுவேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரன்.

இதே மேடம்தான் பரிணாமத்தை ஒப்புக்கொள்ளாதவர். தில்லி அரசுக் கட்டடங்களில் குரங்குத் தொல்லை பிரசித்தம். எங்கள் மொட்டைமாடியிலும் ஒரு பட்டாளம் குடியிருந்தது. டீ நேரத்தில் ஏதாவது ஒன்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தால், "மணி ஜி, உங்க பெரியப்பா வந்திருக்காரு. டீ கொடுங்க," என்பார். நானும் விடமாட்டேன். "உங்களுக்கும் அவர் பெரியப்பாதான் மேடம், நீங்க சொந்தத்தை மறந்துட்டீங்க," என்பேன். "என் சொந்தமெல்லாம் பிரம்மாவோட முடிஞ்சுபோச்சு," என்பார்.

உள்ளுக்குள் எனக்கு ஓர் அலட்சியம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை படித்தும் இப்படி இருக்கிறாரே, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நினைத்துக்கொள்வேன். வருண் சார் வந்த பிறகு எனக்கு ஒரு கூட்டாளி கிடைத்தார். மேடம் நகர்ந்ததும் அவர் கண்ணடிப்பார். அவருக்குப் பரிணாமத்தைப் பற்றி ஆங்கிலத்தில் மணிக்கணக்கில் பேச வரும். நான் ரசித்துக் கேட்பேன்.

அப்படி இருந்தபோதுதான் செல்வி வந்தாள்.

செல்வி கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பெண். ஜங்புராவில் சாக்கடை ஓரமாகத் தமிழர்கள் குடியிருந்த மதராசி கேம்ப்பில் குடிசை. புருஷன் கட்டட வேலை, குடித்ததுபோக மீதி வீட்டுக்கு. அவள் நாலு வீட்டில் பாத்திரம், துணி. ஒரே மகள் ரேவதி, ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். செல்விக்குக் காசநோய் என்று உறுதியாகி மருந்து தொடங்கினார்கள். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, சதை பிடித்தது, சளியிலும் கிருமி தெரியவில்லை. இங்கேதான் எல்லோரும் மருந்தை விடுவார்கள். அதனால் அந்த நேரத்தில் நோயாளியை உட்காரவைத்துப் பேசுவது வழக்கம். அன்றைக்குப் பேச வேண்டியவர் வருண் சார். அவளுக்கு இந்தி அரைகுறை என்பதால் என்னைக் கூப்பிட்டார்.

"சளி சுத்தமாயிடுச்சு. ஆனா ஆறு மாசமும் சாப்பிடணும்னு சொல்லுங்க. நடுவுல விட்டா கிருமிக்கு மருந்து பழகிடும். அப்புறம் எந்த மருந்தும் கேக்காதுன்னு சொல்லுங்க," என்றார்.

சொன்னேன். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. தில்லியில் அதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எங்கள் வீட்டிலும் தலைவலி மாத்திரையைத் தொடர்ந்து போட்டால் பழகிவிடும் என்போம். கொசுவுக்குச் சுருள் பழகிவிட்டது என்போம். எங்கள் காத்திருப்பு அறையில் ஒட்டியிருந்த சுவரொட்டியில்கூட அப்படித்தான் இருந்தது.

செல்வி கவனமாகக் கேட்டுக்கொண்டாள். கொஞ்ச நாள் கழித்து, தம்பி கல்யாணம், ஊருக்குப் போகிறேன், இரண்டு மூன்று மாதம் ஆகும் என்று சொல்லி, மீதி மருந்துகளைக் கையோடு வாங்கிக்கொண்டு போனாள்.

திரும்பி வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து இருமிக்கொண்டே, கையிலிருந்த பிளாஸ்டிக் பையை என்னிடம் நீட்டினாள். உள்ளே மாத்திரைகள். பாதி அப்படியே இருந்தன. ஒன்றுகூட நசுங்கவில்லை, ஈரம் படவில்லை.

"ஏம்மா, சாப்பிடலியா?" என்று கத்திவிட்டேன்.

"சாப்ட்டேன் சார். ஒரு வாரம் சாப்பிடுறது, ஒரு வாரம் விடுறது. கரெக்டாத்தான் செஞ்சேன்."

"யாரு விடச் சொன்னா?"

"நீங்கதான சார் சொன்னீங்க, கிருமிக்கு மாத்திரை பழகிடும்னு." அவள் என்னைப் பார்த்த பார்வையில் குற்றச்சாட்டு இல்லை. பாடம் ஒப்பிக்கிற பெண்ணின் பார்வை அது. "பழக்கம்னா விட்டா மறந்துடும்ல? எங்க வூட்டுக்காரரு ஒரு மாசம் குடிக்காம இருந்தாருன்னா, அப்புறம் ஒரு கிளாஸ்லயே மட்டையாயிடுவாரு. அதே மாதிரி கிருமிக்கும் மறக்கட்டும், மறந்த நேரமாப் பாத்து அடிக்கலாம்னு விட்டு விட்டு சாப்ட்டேன். மருந்தக் கெடாம டப்பாவுல போட்டு வெச்சிருந்தேன் சார்."

அவள் சோம்பேறித்தனத்தால் விடவில்லை. மறதியால் விடவில்லை. நாங்கள் சொன்னதை நம்பி, அதிலிருந்து ஒழுங்காக யோசித்து, அந்த யோசனையை ஒரு நாள் பிசகாமல் செய்திருக்கிறாள். கிருமிக்குப் பழகும் என்பது உண்மையானால் அவள் செய்தது சரி. அவள் சொன்னதை வருண் சாரிடம் சொன்னேன். "முட்டாள்தனம்," என்றார். பிறகு சளியைச் சோதனைக்கு அனுப்பச் சொன்னார்.

சளியை நான்தான் விதைத்தேன். காத்திருந்த வாரங்களில் அடைகாக்கும் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அவளுடைய புட்டிகளைத்தான் முதலில் எடுப்பேன். வேறு வேலை ஓடாது. மருந்து இல்லாத புட்டியில் ரொட்டித்தூள் தெரிந்தது. சில நாள் கழித்து, முக்கியமான இரண்டு மருந்துகள் கலந்த புட்டிகளிலும் அதே அடர்த்தியில் தெரிந்தது. மேடம் ஜன்னலோரம் நின்று மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "வீட்டுல வேற யாருக்காவது இருமல் இருக்கான்னு கேளுங்க," என்றார்.

ரேவதிக்கு இருந்தது. அவளுடைய சளியையும் விதைத்தோம். மறுபடியும் காத்திருந்தோம். அதே இரண்டு மருந்துகள், அதே அடர்த்தி.

முடிவைச் சொல்ல இருவரையும் வரச்சொன்னோம். வருண் சார் இந்தியில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன்: உனக்கும் மகளுக்கும் சாதாரண மருந்து கேட்காது, இரண்டு வருஷம் வேறு மருந்து, அதில் பல மாதம் தினமும் ஊசி. ரேவதி அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செல்வி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"சார், நான் விட்டு விட்டு சாப்ட்டேன், எனக்குப் பழகிடுச்சு, சரி. இவ ஒரு மாத்திரைகூட வாயில போட்டதில்லியே. இவளுக்கு எப்படி சார் பழகிச்சு?"

மொழிபெயர்த்தேன். வருண் சார் என்னைப் பார்த்தார். நானும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பரிணாமத்தை அணுவளவும் சந்தேகிக்காத இரண்டு பேர் அந்த அறையில் இருந்தோம். இருவரிடமும் பதில் இல்லை. பழகுவது என்றால் மருந்தைப் பார்த்திருக்க வேண்டும். அந்தப் பிள்ளையின் உடம்பு எந்த மருந்தையும் பார்க்கவில்லை.

மூலையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த சுக்லா மேடம் நாற்காலியை இழுத்து செல்விக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"நீ வேலை செய்யற வீட்டுல கரப்பான்பூச்சி உண்டா?"

"இல்லாத வூடு ஏதும்மா?"

"மருந்து அடிச்சா?"

"நெறைய செத்துடும். ஒண்ணு ரெண்டு ஓடும். அப்புறம் மறுபடியும் வந்துடும், அடிச்சாலும் சாவாது. அதுங்களுக்கும் பழகிடுது."

"எதுக்குப் பழகிச்சு? செத்ததுக்கா? செத்தது எதைப் பழகும்?"

நான் அதைத் தமிழில் சொன்னதும் செல்வி நெற்றியைச் சுருக்கினாள்.

"ஓடின ஒண்ணு ரெண்டு இருக்கே," என்றார் மேடம், "அது பிறக்கும்போதே அந்த மருந்துக்குச் சாகாத பிறவி. ஆயிரத்துல ஒண்ணு அப்படி இருக்கும். ஏன்னு யாருக்கும் தெரியாது. மத்தது செத்ததும் வீடு பூரா அதுக்குக் காலி. அது போட்ட முட்டையில வர்றதும் அப்படியே. அடுத்த மாசம் நீ பாக்கறது அந்த ஒண்ணோட பிள்ளை குட்டிகளை. எந்தக் கரப்பானும் எதையும் கத்துக்கல. எதையும் மறக்கவும் மறக்காது."

செல்வியின் உதடு அசைந்துகொண்டிருந்தது, கணக்குப் போடுகிற மாதிரி. நான் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். புரிவது ஒரு நல்ல விஷயம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

"அப்போ," என்றாள், "நான் சாப்ட்ட வாரத்துல சாவ வேண்டியது செத்துச்சு. விட்ட வாரத்துல மிஞ்சினது பெருகிச்சு. மறுபடி சாப்ட்டப்போ இன்னும் கொஞ்சம் பொறுக்கி எடுத்துச்சு. கடைசியில சாவாததா மட்டும் வளத்து வெச்சு..." அவள் ரேவதியைத் திரும்பிப் பார்க்கவில்லை. "ஒரே பாயிலதான் சார் நாங்க படுப்போம்."

மொழிபெயர்க்காமல் நின்றேன். மேடத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"சொல்லுங்க மணி ஜி," என்றார். "பழகிடும்னு அவளுக்குச் சொன்னது நாம. தப்பு நம்மளோடது. அப்படியே சொல்லுங்க, குறைக்காதீங்க."

அப்படியே சொன்னேன். வருண் சார் தலை குனிந்திருந்தார். செல்வி முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.

"அது இருக்கட்டும்மா," என்றாள். "ஊசி இன்னிக்கேவா? மொதல்ல அவளுக்குப் போடுங்க."

காத்திருப்பு அறைச் சுவரொட்டியை அன்று மாலையே வருண் சார் கிழித்தார். அவர் நல்ல மனிதர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் கிழித்தது சுவரொட்டியை மட்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது. இல்லாவிட்டால் அந்தத் தலைப்பை என்னிடம் கொடுத்திருப்பாரா?

மறுநாள் நான் மேடத்தைப் பிடித்துக்கொண்டேன். முட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தோம். "மேடம், நேத்து நீங்க சொன்னீங்களே, அதுக்குப் பேரு என்ன?" என்றேன்.

"கிருமி."

"பரிணாமம் மேடம். அதைத்தான் சொல்றாங்க. இருக்கறதுல வித்தியாசம், அதுல சிலது தப்பிக்குது, தப்பிச்சது பெருகுது. நீங்க இத்தனை வருஷமா எங்களுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கீங்க."

"இதை நான் புட்டியில பாக்கறேன். குரங்கு மனுஷனானதை நீங்க எந்தப் புட்டியில பாத்தீங்க?"

"புட்டியில சில வாரத்துல நடக்கறது லட்சக்கணக்கான வருஷத்துல எவ்வளவு தூரம் போகும்? அதை எது தடுக்கும்?"

இது என் சொந்தச் சரக்கு. காலையில் பஸ்ஸில் வரும்போதுதான் தோன்றியது. அப்பா சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல் நானே யோசித்தது அதுதான் முதல் தடவை. மேடம் கையிலிருந்த முட்டையை ஸ்பிரிட்டில் முக்கி எடுத்து வைத்தார்.

"ஒண்ணும் தடுக்காது," என்றார். "அது எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க?"

நான் கையை நிறுத்திவிட்டேன்.

"எனக்கு ஒரு பையன் இருந்தான். பிறக்கும்போதே நெஞ்சுல கோளாறு. ஆறு வயசு வரைக்கும் வெச்சிருந்தேன்." குரல் மாறவில்லை, வேலை சொல்கிற அதே குரல். "நீங்க சொல்ற கணக்குல அவன் யாரு மணி ஜி? மிஞ்சாதவன். கிருமிக்கு அந்தக் கணக்கை நான் போடுவேன். கரப்பானுக்குப் போடுவேன். அவனுக்குப் போட மாட்டேன். அவனை ஒருத்தர் வேணும்னு நினைச்சுப் படைச்சாரு, திருப்பி எடுத்துக்கிட்டாரு. அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

கேட்கவில்லை. குரங்கு வந்தாலும் அதற்குப் பிறகு நான் பெரியப்பா பேச்சை எடுக்கவில்லை. அவரே எடுத்தார், இரண்டு நாள் கழித்து, பழைய மாதிரியே.

இதைத்தான் வருண் சாருக்கு அரைப் பக்கத்தில் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மறுப்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது என்னவென்று தெரியாது, உண்மைதான். ஜன்னல் குரங்கைக் காட்டி, இது ஏன் இன்னும் மனுஷனாகவில்லை என்று கேட்கிறவர்களை நானே எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஏற்றுக்கொள்கிற எங்களுக்குத் தெரியுமா? எனக்கு அப்பா சொன்னார். வருண் சாருக்குப் புத்தகம் சொன்னது. நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு பெண்ணுக்குக் கிருமி பழகும் என்று சொன்னோம். என் மருத்துவமனையில் அதை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தவர் ஒரே ஒருவர். அவர் மறுத்தார். புரிந்ததால்தான் மறுத்தார். மேடம் மறுத்தது சரி என்று நான் சொல்லவில்லை. எனக்கு இன்றும் அந்தப் பையன் பிரம்மா அனுப்பியவன் இல்லை. ஆனால் அந்தம்மாவுக்குத் தெரியாது என்று எவனாவது என் எதிரில் சொன்னால் கெட்ட கோபம் வரும். வருகிறது. அதனால்தான் சுற்றிச் சுற்றி நடக்கிறேன்.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து ஊசி பொல்லாதது. கிருமியோடு காதையும் தின்னும். செல்வி தப்பித்தாள். ரேவதிக்கு முதலில் மணிச்சத்தம் மாதிரி ஏதோ கேட்டது, பிறகு ஒவ்வொன்றாகக் கேட்காமல் போயிற்று. மருந்தை நிறுத்தினால் உயிர் போகும், தொடர்ந்தால் காது போகும் என்ற நிலை வந்தபோது செல்விதான் தொடரச் சொன்னாள். எங்களில் யாரும் அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கேம்ப்பை இடித்தபின் இப்போது தில்லியின் வடகோடியில் நரேலாவில் இருக்கிறார்கள். ரேவதி தையல் வேலை செய்கிறாள், காதில் கருவி வைத்திருக்கிறாள், நோய் திரும்பவில்லை. இது இன்றைக்குத் தெரிந்த சேதி. சிகிச்சை முடிந்த அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் இது தெரியாது.

அன்று ரேவதியின் கடைசிப் புட்டியை நானே கையில் எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனேன். அம்மாவும் மகளும் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். பச்சைச் சரிவு வழவழவென்று இருந்தது. மேடம் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணுமில்ல. சுத்தம்," என்றார். முகத்தில் அபூர்வமாக ஒரு சிரிப்பு வந்தது.

செல்வி சிரிக்கவில்லை.

"ஒண்ணுகூட மிஞ்சலியாம்மா?" என்று கேட்டாள். "எனக்கும் மொதல்ல சுத்தம்னுதான சொன்னீங்க. உள்ள எங்கனா ஒண்ணே ஒண்ணு இருந்தா?"

நான் மொழிபெயர்த்தேன். மேடத்தின் சிரிப்பு போய்விட்டது. புட்டியை மேஜையில் வைத்தார். இருக்காது என்று சொல்லலாம். எத்தனையோ டாக்டர்கள் சொல்லியிருப்பார்கள். அவர் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம், அதற்குப் பிறகும் பார்ப்போம் என்றார். செல்வி தலையாட்டினாள். மேடமும் அவளும் புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரேவதிக்கு இதில் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். காது போனவர்கள் பேசுகிற உரத்த குரலில், வெளியே பெஞ்சில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி கேட்டாள்.

"மம்மி, நான் டீக் ஆயிட்டேனா? எனக்குக் குணமாயிடுச்சா, இல்லியா? யாராவது சொல்லுங்க!"

செல்வி மேடத்தைப் பார்த்தாள். மேடத்தின் பார்வை புட்டியிலேயே இருந்தது. செல்வி மகளின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவளும் கத்தினாள்.

"ஆயிட்டடி! ஒண்ணுமில்ல உனக்கு. எழுந்திரு, வூட்டுக்குப் போலாம்."